பேஷண்ட்டுக்குச் சொல்ல வேண்டாம்

"பேஷண்ட் பேரு?" என்று கேட்ட கவுண்டர்ப் பெண் தலையைத் தூக்கவில்லை.

"குணசுந்தரி. எங்கம்மா. அவங்க ஃபைல் வேணும். வேலூருக்கு இட்டுகினு போறோம், அங்க பழைய ரிப்போர்ட் எல்லாம் கேப்பாங்க."

"ஆம்பளைங்க யாரும் வரலியா?"

"நான் வந்திருக்கறேன் இல்ல."

"உங்கப்பா வரட்டும்மா. அவருதான் கையெழுத்து போட்டிருக்காரு."

"வயித்து வலி எங்கம்மாவுக்கு. எங்கப்பாவுக்கு இல்ல" என்றாள் சூர்யகலா.

பின்னால் ஊசி போட்டுக்கொள்ள நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை. கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, உள் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அண்ணா, அந்த வயித்து கேன்சர், குணசுந்தரி. பட்டு நெய்யறாரே ராஜவேலு, அவரு சம்சாரம். பொண்ணு வந்து ஃபைல் கேக்குது. குடுக்கலாமா?"

உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் அதே சத்தத்தில் வந்தது. "அது பேஷண்ட்டுக்குச் சொல்ல வேணாம்னு எழுதி வெச்சிருக்கற கேஸும்மா. குடுத்துடாத."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மடியில் பிள்ளையை வைத்திருந்தவள், காலில் கட்டுப் போட்டிருந்த பெரியவர், மாத்திரைச் சீட்டோடு நின்றவன், ஒருவர் பாக்கியில்லை. சூர்யகலா கவுண்டர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சொன்னே?"

இப்போதுதான் அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"ஐயோ, ஃபேமிலின்னு நெனச்சேன்."

"ஃபேமிலிதான்."

"சார் பங்குனியிலயே பாத்து சொல்லிட்டாரும்மா. வேலூருக்கு எழுதித் தரேன்னாரு. உங்கப்பாதான் வேணாம்னு கையெழுத்து போட்டுட்டாரு." குரல் தாழ்ந்து தாழ்ந்து, கடைசி வார்த்தை காற்றாகப் போயிற்று.

"இப்ப இன்னாத்துக்கு மெல்ல பேசற? இங்க குந்திகினு இருக்கறவங்க மொத்தம் பேரும் கேட்டாச்சி. பாக்கி எங்கம்மா ஒருத்திதான். அந்தப் பேப்பர குடு."

"குடுக்க முடியாதும்மா. எழுதிக் குடுத்துட்டுப் போங்க, சார் பாத்துட்டு மூணு நாள்ல சொல்லுவாரு. பேஷண்ட் விவரத்த வெளிய குடுக்கக் கூடாதுன்னு ரூல்ஸ் இருக்குது."

சூர்யகலா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொன்னதில் ஏதாவது கோணல் இருக்கிறதென்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றவே இல்லை. "அடுத்தது யாரு?" என்றாள்.

வெளியே ஆட்டோவில் குணசுந்தரி தலையைக் கம்பியில் சாய்த்து, துண்டை வாயில் வைத்தபடி இருந்தாள். வரவேண்டாம் என்று சொன்னதற்கு, "என் வயித்துக்கு நான் இல்லாம யாரு போவா" என்று தானே எழுந்து வந்தவள். வண்டி அவர்கள் தெருவிலேயே இருக்கும் அன்பரசுவுடையது.

"குடுத்தாங்களா?"

"அப்பா வரணுமாம்மா."

"அவரு எதுக்கு? என் பேருதான அதுல போட்டிருக்குது?" துண்டை எடுத்து மடித்துக்கொண்டாள். "இன்னாடி எழுதியிருக்காங்க?"

சூர்யகலா ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்பரசு முந்திக்கொண்டான்.

"ஊட்டுக்கே போயிடலாம்க்கா. வேலூரு கீலூருன்னு எதுக்கு அலைச்சலு. பேஜாரு."

கண்ணாடியில் சூர்யகலா அவன் கண்ணைத் தேடினாள். அவன் சாலையைப் பார்த்தான், சாலையில் ஒன்றுமில்லை.

"அன்பு, உனக்குத் தெரியுமா?"

அவன் வண்டியைக் கிளப்பினான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பியபோது மறுபடி கேட்டாள். "உன்னத்தான் கேக்கறேன். தெரியுமா?"

"ராஜவேலு அண்ணன் சத்தியம் வாங்கிகினாருக்கா."

"எதுக்கு சத்தியம்?" என்றாள் குணசுந்தரி.

அவள் மகளைப் பார்த்தாள். அன்பரசுவின் முதுகைப் பார்த்தாள். பிறகு, "வண்டிய ஓரங்கட்டு" என்றாள். அன்பரசு ஒரு பழக்கடை ஓரமாக நிறுத்தினான்.

"சொல்லு சூர்யா. என் பேப்பர்ல இன்னா கீது?"

"கேன்சரும்மா. வயித்துல."

ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. பழக்கடைக்காரி கொய்யாவின் மேல் தண்ணீர் தெளித்தாள். குணசுந்தரி அழவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவள் போல இருந்தாள்.

"எப்பலருந்து?"

"பங்குனியிலயே சொல்லிட்டாங்களாம்."

"பங்குனி." தன் வலது கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தாள். "பங்குனியிலதான மொதலாளி பாவக் கொறச்சாரு."

சூர்யகலாவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. தறிக்கு ஏற்றும் நீள இழைதான் பாவு. மூன்று புடவைக்கு ஒரே பாவாகத் தருவதுதான் மொதலாளியின் வழக்கம். பங்குனிக்கு அப்புறம் அம்மாவுக்கு மட்டும் ஒரு புடவைக்கான பாவாகத் தர ஆரம்பித்தார். ஒவ்வொரு புடவை முடிந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைக்க வேண்டும். வேலை கற்றுக்கொள்கிறவர்களுக்கு அப்படிக் கொடுப்பார்கள், கையை நம்ப முடியாதவர்களுக்கு. தெருவில் எல்லாருக்கும் அதன் அர்த்தம் தெரியும்.

"எங்கையி கெட்டுப்போச்சின்னு இருந்தேன்டி. நெய்ஞ்சத வெளிச்சத்துல பிடிச்சிப் பிடிச்சிப் பாப்பேன், எங்க தப்பு உட்டன்னு. ஒண்ணுந் தெரியாது. கண்ணும் போச்சான்னு நெனச்சிக்குவேன்." மூச்சு வாங்கினாள். "நான் முடிக்க மாட்டேன்னு கொறச்சிகிறாரு. எங்கையில கொற இல்ல."

"உங்க கைய யாருக்கா கொற சொல்லுவாங்க" என்றான் அன்பரசு.

"நீ வாய மூடிகினு ஓட்டு. இத்தினி நாளா மூடிகினுதான இருந்த." பின்னால் சாய்ந்தாள். "அல்சரு அல்சருன்னு சொல்லி, மொளகா ஆவாது, புளி ஆவாதுன்னு ஒரு மனுசிய கஞ்சியிலயே வெச்சிருந்தாரே உங்கண்ணன். சாவப்போறவளுக்கு இன்னாத்துக்குடா பத்தியம்?"

வீட்டில் அப்பா ராஜவேலு தறிக்குழியில் காலை விட்டு நெய்துகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் நிறுத்தினார், எழுந்திருக்கவில்லை. சூர்யகலாவும் அன்பரசுவும் குணசுந்தரியைத் தாங்கிக்கொண்டுவந்து கட்டிலில் படுக்க வைத்தார்கள். அன்பரசு நிற்காமல் போய்விட்டான்.

"எங்க போயிட்டு வரீங்க?"

"என் பேப்பர வாங்கப் போனேன். குடுக்கல" என்றாள் குணசுந்தரி. "நீங்க சொல்லுங்க. எனக்கு இன்னா?"

"அல்சரு."

"இன்னொருவாட்டி கேக்கறேன்."

"அல்சருதான். டாக்டரே சொன்னாரு, வேளைக்குத் துன்னாம தறியிலயே குந்திகினு இருந்தா வரத்தான் செய்யும்னு."

"அப்பா" என்றாள் சூர்யகலா.

குணசுந்தரி கையைத் தூக்கி அவளை நிறுத்தினாள். "அவ சொல்லிட்டா. கவுண்டர்ல சொல்லிட்டாங்க. எனக்கு உங்க வாயால கேக்கணும்."

ராஜவேலு தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் இழையை விரலால் தடவினார். பிறகு குழியிலிருந்து எழுந்து, "வயிறு பொருமுதா? சோடா வாங்கிகினு வரேன்" என்று சட்டையை எடுத்தார். சூர்யகலா வாசலில் அவரை மறித்துக்கொண்டாள்.

"வேலூருக்கு வேணாம்னு யார கேட்டு எழுதிக் குடுத்தீங்க?"

"வயித்த தெறந்தாலும் ஒண்ணுதான், தெறக்காட்டியும் ஒண்ணுதான்னு டாக்டரு சொல்லிட்டாரும்மா."

"யாராண்ட சொன்னாரு?"

"என்னாண்டதான்."

"வயிறு யாருது?"

"அவ தாங்க மாட்டாம்மா. உனக்குத் தெரியாது."

"ஆட்டோவுல தாங்கிகினாங்க. நீங்கதான் தாங்கல. எனக்காச்சும் ஒரு போன் போட்டிருக்கலாம் இல்ல? நான் இருக்கற போளூரு இன்னா சீமையா?"

"நீ அவகிட்ட சொல்லிடுவே."

"ஆமா, சொல்லியிருப்பேன்."

அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

உள்ளே குணசுந்தரி விட்டத்தைப் பார்த்தபடி பேசினாள். மகளிடம் பேசுகிறாளா என்பதே சரியாகத் தெரியவில்லை. "பொடவைக்கு ஒரு கலரு முடிவு பண்றதுக்கே பத்து பேர கேக்கறாங்க. வேலூர் போறியா, வேணாமான்னு என்ன ஒருவாட்டி கேட்டிருக்கலாம். நானே வேணாம்னுதான் சொல்லியிருப்பனோ இன்னாவோ. ஆனா கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும்மா."

"தள்ளு, வாந்தி வருது."

சூர்யகலா பாத்திரத்தை எடுத்து நீட்டினாள். வந்தது கஞ்சி இல்லை, ரத்தம். பாத்திரம் போதவில்லை. தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். ஆட்கள் ஓடிவந்தார்கள். அதற்குள் பிடித்திருந்த தலையின் கனம் மாறிவிட்டிருந்தது.

ராஜவேலு சோடா பாட்டிலோடு வந்தபோது வாசலில் ஆறேழு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. கதவருகே நின்றவர்கள் அவருக்கு வழிவிட்டார்கள். பாட்டிலை அவர் கையிலிருந்து யார் வாங்கினார்கள் என்பது சூர்யகலாவுக்கு நினைவில்லை.

விடிந்ததும் சொந்தங்கள் வந்து சேர்ந்தார்கள். அப்பாவின் தங்கை விருத்தாம்பாள் தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு, அழுகையை ராகமாக இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அல்சருன்னு நெனச்சி ஆறுதலா இருந்தியே, உள்ளதச் சொல்லி உசிர எடுத்தாளே, பெத்த பொண்ணே எமனாச்சே எங்கண்ணி…"

சுற்றியிருந்த பெண்கள் அதற்கும் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி சூர்யகலாவின் காதருகே குனிந்து, "போறது போயிடுச்சி. ஆனா நீ சொல்லாம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாளு இருந்திருப்பாம்மா" என்றாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"எனக்கா? எனக்கு வைகாசியிலயே தெரியும். மருந்துக் கடையில சொன்னாங்க."

"எங்கம்மா வூட்டுக்கு வந்து எத்தினி வாட்டி காபி குடிச்சிருப்பீங்க அப்பறம்?"

அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். "கொடுத்து வெச்சவ, பூவும் பொட்டுமா போறா" என்றாள் வேறு யாரையோ பார்த்து.

தம்பி ரஞ்சித்குமார் ஒரகடத்துக் கம்பெனியிலிருந்து இரவோடு இரவாக வந்திருந்தான். அவன் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. சூர்யகலா அவனைக் கேட்கவேண்டியிருக்கவில்லை. அவனே, "எனக்கு அப்பா சொன்னாருக்கா, உன்னாண்ட சொல்லாதன்னாரு" என்றான்.

"சரி. போய் தண்ணி குடி" என்றாள். அதற்கு மேல் பேசினால் பிணத்தின் முன்னாலேயே அவனை அறைந்துவிடுவாள்.

பத்து மணி வாக்கில் மொதலாளி வந்தார். கையில் தடிமனான ரோஜா மாலை. மாலையைச் சாத்திவிட்டு, கும்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நல்ல கை. இந்த தெருவுல இப்படி ஒரு கை கிடையாது."

"அப்ப ஏன் பாவ கொறச்சீங்க?" என்றாள் சூர்யகலா. அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவும் இல்லை.

"இன்னாம்மா?"

"பங்குனியிலருந்து ஒரு பொடவ பாவா குடுத்தீங்களே, ஏன்னு கேக்கறேன்."

விருத்தாம்பாளின் அழுகை நின்றது. மொதலாளி சுற்றிலும் பார்த்தார். "இப்ப பேசற பேச்சாம்மா இது?"

"அவங்க இருக்கும்போதும் நீங்க பேசல. அப்பறம் எப்ப பேசறது?"

"தொழில்ல அது கீதும்மா. நடுவுல நின்னுபோச்சின்னா வேற ஆள உக்கார வெக்கணும். கை மாறினா நெசவு ஒரே மாதிரி வராது. உனக்கே தெரியும்."

"நின்னுபோவும்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"லேப்புல நம்ம மச்சான் பையன் வேல செய்யறான். ஒரு நல்ல எண்ணத்துலதான் சொன்னான். நம்ம தறிக்காரங்களாச்சே, தெரிஞ்சிக்கட்டும்னு."

"அந்த நல்ல எண்ணத்துல எங்கம்மாவாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிம்மா சொல்றது? மனசு ஒடிஞ்சி போயிடாது?"

"ஒடிஞ்சிதான் போயிருந்தது. நோவுன்னு இல்ல. தன் கையி கெட்டுப்போச்சின்னு. நெய்யத் தெரியாதவளா பூட்டேன்னு ஏழு மாசம் தன்னையே திட்டிகினு இருந்தாங்க. நீங்க எல்லாம் பரிதாபப்பட்டு மறைச்சீங்க, அவங்க அதுக்கு வெக்கப்பட்டுகினு உக்காந்திருந்தாங்க."

மொதலாளி ராஜவேலுவைப் பார்த்தார். ராஜவேலு தரையைப் பார்த்தார். "துக்கத்துல பேசறா, மனசுல வெச்சிக்காதீங்க" என்று சித்தப்பா மாணிக்கவேல் அவரைத் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துப் போனார்.

பாடை கட்டும்போது சூர்யகலா தண்ணீர் எடுக்க வாசலுக்கு வந்தாள். பந்தல் காலருகே சித்தப்பா அப்பாவிடம் தணிந்து பேசிக்கொண்டிருந்தார்.

"சுடுகாட்டுல இன்னாத்துல போனாங்கன்னு கேப்பாங்க. அல்சர்னே சொல்லிடு. தேவிகாபுரத்துல ரஞ்சித்துக்குப் பேசிகினு இருக்கறோம். வம்சத்துலயே கீதுன்னு ஆச்சின்னா ஒருத்தன் பொண்ணு குடுக்க மாட்டான்."

அப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சூர்யகலா குடத்தைக் கீழே வைத்தாள். பாடையைத் தெருமுனையில் நின்ற வண்டியில் ஏற்றினார்கள். பெண்கள் அங்கேயே நின்றுகொள்ள, அவள் மட்டும் வண்டிப் படியில் காலை வைத்தாள்.

"ஏண்டி, எங்க ஏறற?" என்று விருத்தாம்பாள் கையைப் பிடித்தாள். "பொம்பளைங்க மொனையோட நின்னுக்கணும்."

"நீங்க நில்லுங்க அத்த."

"நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"நாலு பேருக்குத் தெரியாதது இனிமே இன்னா கீது?"

சித்தப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அவள் உள்ளே போய் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள். ரஞ்சித்குமார் தள்ளி அவளுக்கு இடம் விட்டான். அப்பா எதிரில் இருந்தார். வழியெல்லாம் அவள் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் ஒருதரம்கூட நிமிரவில்லை.

தகன மேடையில் ஒரு கூரையின் கீழ் மேஜை போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நகராட்சி ஆள், வயது அதிகமில்லை. பாடையை இறக்கி எதிரே மேடைமேல் வைத்தார்கள். மேளக்காரர்கள் கூடவே வந்து ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இறந்தவங்க பேரு?"

"குணசுந்தரி" என்றார் சித்தப்பா.

"வயசு?"

"அம்பத்தாறு."

"காரணம்?"

"அல்சரு" என்றார் சித்தப்பா. "வயித்துப் புண்ணு, ரொம்ப நாளா."

அந்த ஆள் எழுதவில்லை. "நீங்க யாரு?"

"தம்பி. அவரு தம்பி."

"கையெழுத்து யாரு போடறது?"

"புருஷன்."

"அப்ப அவரு சொல்லட்டும். நீங்க தள்ளி நில்லுங்க." பேனாவால் ராஜவேலுவைக் கூப்பிட்டார். "பெரியவரே, இப்படி வாங்க. உங்க சம்சாரம் இன்னாத்துல இறந்தாங்க?"

ராஜவேலு மேஜையருகே போனார். திரும்பி மகளைப் பார்த்தார். சூர்யகலா சொல்லச் சொல்லியும் பார்க்கவில்லை, சொல்லாதே என்றும் பார்க்கவில்லை. வெறுமனே நின்றாள்.

அவர் உதடு அசைந்தது.

"கேக்கலீங்க. மேளம் அடிக்கறாங்க இல்ல, சத்தமா சொல்லுங்க."

மறுபடி அசைந்தது. அந்த ஆள் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "இன்னாது? கொஞ்சம் ஓங்கிச் சொல்லுங்க பெரியவரே, இன்னொரு பாடி வெளிய நிக்குது."

"கேன்சரு" என்றார் ராஜவேலு. அவர் மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்ததைச் சொல்லும்போது, மேளக்காரர்கள் பீடி பற்றவைக்க நிறுத்திவிட்டிருந்தார்கள். அந்த மைதானம் முழுக்க அவர் குரல் மட்டும் கேட்டது.

"வயித்துல கேன்சரு. குணாவுக்கு வயித்துல கேன்சரு."

கூட வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த ஆள் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

அவளுக்குக் கேட்டுவிட்டதோ என்பது போல, ராஜவேலு சட்டென்று திரும்பிப் பாடையைப் பார்த்தார்.